நைட் ஷிப்டின் தேதி

சென்னை மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது ஃபெலிக்ஸ் மனைவிக்கு அன்றைய தண்ணீரை அளந்துகொண்டிருந்தான். அரை லிட்டர் பாட்டில் ஒன்று. காலைக் காபி, மாத்திரை விழுங்கும் மடக்கு, சோற்றில் ஊற்றும் ரசம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ரெஜினாவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை அவளை நெய்வேலியை அடுத்த வடக்குத்து கிராமத்திலிருந்து கடலூருக்கு அழைத்துப்போய் டயாலிசிஸ் முடித்துக் கூட்டிவர வேண்டும். கையில் ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் இதற்குள் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இன்னொரு முறை அடைத்தால் வேறு இடம் தேடுவது கடினம் என்று அங்கிருந்த மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் ஏஞ்சலினுடைய ரத்த வகை பொருந்தவில்லை, ஃபெலிக்ஸினுடையது பொருந்தியது. தன் சிறுநீரகம் ஒன்றை மனைவிக்குக் கொடுப்பதற்கான பரிசோதனைகள், ஒப்புதல்கள் அனைத்தையும் அவன் முடித்திருந்தான். வர வேண்டியிருந்தது தேதி மட்டும்.

"ஒரு டேட் கிடைச்சிருக்கு சார்" என்றாள் மருத்துவமனையில் இவற்றைக் கவனிக்கும் பெண். "மார்ச் பதினாறு, செவ்வாய்க்கிழமை. வேற ஒரு பேஷண்டுக்குக் காய்ச்சல் வந்து தள்ளிப்போயிடுச்சு. நீங்க ரெண்டு பேரும் பன்னெண்டாம் தேதி அட்மிட் ஆகணும்."

"ஏப்ரல் மொத வாரத்துல கெடைக்காதுங்களா மேடம்?"

"ஏப்ரல் முழுக்க டாக்டர் ஊர்ல இல்ல. இத விட்டா மே கடைசிதான். நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க. காத்துக்கிட்டு இருக்கவங்க நெறைய பேர்."

ரிசீவரை வைத்துவிட்டு ஃபெலிக்ஸ் மகிழ்ந்திருக்க வேண்டும். அவனோ விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினான்.

அபுதாபிக்கு அப்பால் கடலுக்குள் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடை ஒன்றில் அவன் கிரேன் மெக்கானிக். இருபத்தெட்டு நாள் கடலில் வேலை, இருபத்தெட்டு நாள் வீட்டில் ஓய்வு. அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுதுபார்க்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனன்ட் ஆகும் என்று காத்திருந்த ஆண்டுகள் அவை. ஆகாது என்று தெளிந்தபோது, தொண்ணூற்றேழில், விமானம் ஏறினான்.

கடலில் ஈட்டிய சம்பளத்துக்கு இந்தியாவில் வரி உண்டா இல்லையா என்பது, ஒரு நிதியாண்டில் அவன் இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தான் என்பதைப் பொறுத்தது. நூற்றெண்பத்திரண்டாவது நாளைத் தொட்டால் அவன் இங்கே வசிப்பவன். தொடாவிட்டால் அயலில் வசிப்பவன். முன்பெல்லாம் அந்தக் கோட்டைத் தாண்டினாலும் அவனைப் போன்றவர்களுக்கு ஆபத்து இருந்ததில்லை. கடந்த பத்தாண்டுகளில் சில ஆண்டுகள் வெளியே இருந்தவனைச் சட்டம் தனி வகையாக ஒதுக்கி, அவனுடைய வெளிநாட்டுச் சம்பளத்தைத் தொடாமல் விட்டது. சென்ற ஆண்டு அந்த வகையின் வாசலைச் சுருக்கினார்கள். ஏறக்குறைய முழு வாழ்வையும் வெளியே கழித்துவிட்டுத் திரும்புகிறவன் மட்டுமே இனி அதற்குள் நுழைய முடியும். பாதி ஆண்டைக் கடலிலும் பாதி ஆண்டை வடக்குத்திலும் கழிப்பவனைப் பற்றி அந்தத் திருத்தத்தை எழுதியவர்கள் நினைத்திருப்பார்களா என்பது ஃபெலிக்ஸுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டாயிரத்து மூன்று ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை வந்துவிட்டது என்பதுதான்.

அந்த ஆண்டில்தான் ரெஜினா நோயில் விழுந்தாள். செப்டம்பரில் அவளைக் காப்பாற்ற வேண்டி, ஓய்வு முடிந்த பிறகும் கெஞ்சிக் கேட்டுப் பன்னிரண்டு நாள் கூடுதலாக இருந்தான். அந்த நாள்களை எப்படியாவது திருப்பிக் கட்ட வேண்டுமே என்று டிசம்பர் ஓய்வில் ஆறு நாள் ஷார்ஜாவில், ஒரே அறையில் ஒன்பது பேர் படுக்கும் இடத்தில் கட்டில் வாடகை கொடுத்துக் கிடந்தான். வேலையும் இல்லை, வீடும் இல்லை. தொலைபேசியில் ரெஜினா இருமுவதைக் கேட்டபடி, இந்தியாவில் இல்லாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தான்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ரெஜினா.

"மெட்ராஸ் ஆஸ்பத்திரி. பதினாறாந்தேதி கெடைச்சிருக்காம்."

"எந்த மாசம்?"

"இந்த மாசந்தான்."

அவள் எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "அப்பறம் எதுக்குக் கைய மடக்கி எண்ணிக்கினு நிக்கிறீங்க?"

"திங்கக்கெழம ராத்திரி ஃப்ளைட்டு. அதோட நூத்தி எம்பது நாளு. மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். பன்னெண்டுல அட்மிட் ஆனா மாசக் கடைசி வரைக்கும் இங்கதான் கெடக்கணும்."

"கெடந்தா?"

"வருஷம் பூராச் சம்பளத்துக்கும் வரி. ஆபரேஷனுக்குன்னு வெச்சிகினு இருக்கறது அப்டியே அதுக்குப் போயிடும்."

ரெஜினா பாட்டிலைக் கையில் எடுத்து அளவைப் பார்த்தாள். "எனக்குத் தண்ணி அளவு, உங்களுக்கு நாளு அளவு. நல்ல ஜோடியாத்தான் பாத்துச் சேத்து வெச்சாரு சாமியாரு."

அவன் சிரிக்கவில்லை. "மே வரைக்கும் தாங்குவியா?"

"அத என்னையே கேக்குறீங்களா? தாங்கலன்னா ஆபரேஷன் செலவும் மிச்சம்."

"வாய மூடு ரெஜினா."

"நெசத்தத்தான் சொல்றன். கிட்னிய வெச்சிட்டா மட்டும் போதுமா? அது நிக்கறதுக்கு ஆயுசு பூரா மாத்திர திங்கணும்னு அந்த டாக்டரு சொன்னாரு இல்ல. காச வரிக்குக் கட்டிட்டு மாத்திரைக்கு எங்க போறது? ஏஞ்சலின் நர்சிங் படிப்பு வேற பாதியில நிக்குது. மே மாசத்துக்கே சொல்லிடுங்க."

அன்றிரவு அவளுடைய கையைத் தன் காதில் வைத்துப் படுத்திருந்தான். ரத்தம் ஓடும் குழாயிலிருந்து மெல்லிய இரைச்சல் கேட்கும். இரைச்சல் இருக்கும்வரை அடைப்பில்லை. மறுநாள் வியாழன் மத்தியானம் சென்னைக்குப் பேசி, பதினாறாம் தேதி வேண்டாம் என்றான். அந்தப் பெண் காரணம் கேட்கவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவன் நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போனது வேறொரு காரணத்துக்காக. மே மாதத்தில் அறுவைச் சிகிச்சை என்றால் அந்த நாள்கள் புதிய நிதியாண்டின் கணக்கில் விழும். அப்போது எத்தனை நாள் படுத்துக் கிடக்கலாம், பின்னால் எத்தனை நாளை வெளியே கழிக்க வேண்டும் என்று பவித்ராவிடம் கேட்டுவிட வேண்டும். பவித்ரா மெயின் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் புதிதாக அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர். அவனோடு சுரங்கத்தில் வேலை செய்த சிங்காரவேலின் மகள். விதி மாறிய செய்தியை சென்ற ஜூனில் அவனுக்கு விளக்கியவளே அவள்தான். நாள்களை நான் எண்ணித் தரட்டுமா என்று அன்றைக்குக் கேட்டாள். எண்ணுவதற்குக்கூடவா ஒரு ஆடிட்டர், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த சிங்காரவேல், மகளுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வாய்யா ஷேக்கு. ஒட்டகத்தக் கீழயே கட்டிட்டு வந்துட்டியா?"

"இருக்கறது ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி. அதுவும் ரிசர்வ்ல ஓடுது."

"தங்கச்சி எப்டியிருக்கு?"

"இருக்கா" என்றான் ஃபெலிக்ஸ். பிறகு பவித்ராவிடம் மே மாதத்தைப் பற்றிச் சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அது புது வருஷம், தாராளமா இருக்கலாம் அங்கிள். பாஸ்போர்ட்டக் குடுங்க, இந்த வருஷத்தையும் ஒரு தடவ பாத்து முடிச்சிடறேன்."

அவள் முத்திரைகளைப் பார்த்துப் பார்த்துக் கால்குலேட்டரில் அழுத்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"போன வருஷம் ஏப்ரல் என்னைக்குக் கெளம்புனீங்க?"

"ஆறாந்தேதி."

"இங்க ஏழுன்னு குத்தியிருக்கே."

"விடிய மூணு மணி ஃப்ளைட்டும்மா. ஆறாந்தேதி நைட்டு."

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்ததையும். "எல்லாமே அந்த நேரத்து ஃப்ளைட்டுதானா?"

"கல்ஃபுக்கு வேற எப்ப இருக்கு?"

"அங்கிள், கெளம்பற நாள நீங்க எப்டி எண்ணுனீங்க?"

ஃபெலிக்ஸுக்குக் கேள்வி புரியவில்லை. அதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? சுரங்கத்தில் நாள் என்பது காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு முடிவது. இரவு பத்து மணிக்கு இறங்குகிறவனுக்கு அன்றைய தேதியில் மஸ்டர் என்ற வருகைப்பதிவு போடுவார்கள். அவன் மறுநாள் விடியும்வரை உழைத்தாலும் அது அந்த ஒரே நாள்தான். பதினொரு ஆண்டுகள் அவனுடைய கூலி அப்படித்தான் எண்ணப்பட்டது. அரிசி வாங்கியது, லீவு எடுத்தது, ரெஜினாவைப் பெண் பார்க்கப் போனது எல்லாமே அந்த நாளைக் கொண்டுதான். ஆறாம் தேதி இரவு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் விடியற்காலை மூன்று மணிக்குப் பறந்தால் அது ஆறாம் தேதி.

அவன் சொல்ல வந்ததைச் சிங்காரவேல் சொன்னான்: "நைட் ஷிப்ட்டுக்குப் போனவன் மூணு மணிக்குப் பெல்ட்டுக்கு அடியில கெடந்தாலும் அவனுக்கு முந்தின நாள் மஸ்டர்தாம்மா. இதுல என்னா கொழப்பம்?"

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." அவள் குரல் தணிந்திருந்தது. "ஏர்போர்ட்ல மஸ்டர் கெடையாது அங்கிள். அங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கு நாள் மாறிடுது. ஏழாந்தேதி மூணு மணி நேரம் நீங்க மெட்ராஸ்ல இருந்திருக்கீங்க. அதையும் ஒரு நாளாத்தான் எடுப்பாங்க. இந்த மாதிரி ஆறு தடவ போயிருக்கீங்க."

"ஆறு நாளா?"

"இன்னையோட நூத்தி எம்பத்தி மூணு."

கீழே கடையில் யாரோ துணியைக் கிழித்துக் கொடுத்தார்கள். சிங்காரவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"போற நாள எண்ணக்கூடாதுன்னு கேட்டுப் பாக்கக்கூடாதா?" என்றான் ஃபெலிக்ஸ்.

"கேக்கலாம். வாதாடறவங்களும் இருக்காங்க. எத்தன வருஷம் ஆகும், என்ன சொல்வாங்கன்னு என்னால உறுதி குடுக்க முடியாது. வரிக்கு உள்ளத எடுத்து வெச்சிடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்."

"இப்பவே கெளம்பிப் போயிட்டா?"

"போனாலும் அதே வரிதான். முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் ஆன்ட்டிகூடவே இருந்தாலும் அதே வரிதான். இந்த வருஷத்துல இனிமே நாளுக்கு வெல இல்ல அங்கிள்." அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஃபெலிக்ஸ் பாஸ்போர்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். அது உள்ளே போகாமல் மடங்கியது. மறுபடியும் எடுத்து நேராக்கி வைத்தான்.

"நேத்து மத்தியானந்தான் தேதி வாணாம்னு சொன்னன்" என்றான்.

ஜவுளிக்கடைக்கு அடுத்திருந்த எஸ்டிடி பூத்திலிருந்து சென்னைக்குப் பேசினான். மருத்துவமனைப் பெண் அவன் பெயரைக் கேட்டதுமே பெருமூச்சு விட்டது கேட்டது.

"குடுத்தாச்சு சார். நேத்தே குடுத்தாச்சு. ஒரு அம்மா மகனுக்குக் குடுக்கறாங்க. இருபது வயசுப் பையன்."

"அவங்க வரலன்னா மேடம்?"

"வரலன்னா மொதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன். ஆனா அவங்க வருவாங்க சார்."

தவக்காலத்தின் வெள்ளிக்கிழமை என்பதால் மாலையில் கோயிலில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாக நினைந்து ஜெபிக்கும் சிலுவைப்பாதை இருந்தது. ரெஜினாவை டிவிஎஸ் ஃபிஃப்டியில் அழைத்துப்போனான். அவள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் கூட்டத்தோடு ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டு எழுந்தான். முதல் இரண்டு நிலைகளில் ஜெபத்தைச் சொன்னான். மூன்றாவது நிலையில், முதல் பேஷண்டுக்கு வந்த காய்ச்சல் நினைவுக்கு வந்தது. ஒரு காய்ச்சலால்தான் தேதி வந்தது. இன்னொரு சிறிய காய்ச்சல் போதும். சாக வேண்டியதில்லை, பெரிதாக ஒன்றும் ஆக வேண்டியதில்லை. இரண்டு நாள் உடம்பு சுட்டால் போதும், அந்தப் பையனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அடுத்த நிலையில் அந்த எண்ணத்தை விலக்கப் பார்த்தான். அது விலகாமல் அவனோடு முழங்கால் போட்டது. பதினான்காம் நிலை முடிந்தபோது, தான் வேறெதையும் கேட்கவில்லை என்று உணர்ந்தான்.

வண்டியில் திரும்புகையில் பவித்ரா சொன்னதையும், தேதி ஒரு பையனுக்குப் போய்விட்டதையும் சொன்னான். வளைவுக்கருகே சுரங்கத் தொழிலாளர் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது ரெஜினா பேசினாள்.

"அப்பொ நாம வாணாம்னு சொன்னது ஒண்ணுத்துக்கும் இல்ல."

"இல்ல."

"கோயில்ல என்னா வேண்டிக்கினீங்க?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

"அந்தப் பையனுக்கு ஏதாச்சும் வரணும்னா?"

"ஒனக்குக் கெடைக்கணும்னு வேண்டிக்கினன்."

"ரெண்டும் ஒண்ணுதான." அவன் தோளிலிருந்து கையை எடுத்து இருக்கையின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை கையைத் திருப்பி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் கம்பெனிக்குப் பேசினான். திங்கள் இரவு வர முடியாது என்றான். சம்பளமில்லாத விடுப்பு தரலாம், ஆனால் அவனுக்குப் பதிலாக வருகிறவனை மாற்றி மறுபடி அவனை எடுப்பது நிச்சயமில்லை என்றார்கள். சரி என்றான். ரெஜினா அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குக் குடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கு வேலைய விடறீங்க?"

"பன்னெண்டாந்தேதி நாம அங்க போயி உக்காரணும். அவங்க வரலன்னா ஃபோன் பண்ணி, நாம பஸ் ஏறி, அதெல்லாம் ஆவாது. கண்ணு முன்னால இருந்தாத்தான் குடுப்பாங்க."

"நான் வந்து உக்காருவன். ஆனா நீங்க வேண்டறத நான் வேண்ட மாட்டன். அத மட்டும் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை கடலூரில் டயாலிசிஸ் முடித்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் சென்னை. மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் அட்மிஷன் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடந்தது. ஒன்பது மணிக்கு இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். மருத்துவமனைப் பெண் அவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல உள்ளே போனாள். பத்தரை ஆனது. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் ஃபெலிக்ஸ் தலையைத் திருப்பினான். பதினொன்று ஆனது. அவர்கள் வரவில்லை. எழுந்துபோய்க் கேட்கலாமா என்று நினைத்தான். கேட்டால் கெட்டுவிடும் என்றும் நினைத்தான்.

பதினொன்றேகாலுக்குப் படிக்கட்டு வழியாக ஒரு அம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒயர் கூடை. பின்னால் ரெஜினாவைப் போலவே முகம் வீங்கிய ஒரு பையன் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தான். அவன் கையில் அரை லிட்டர் பாட்டில் இருந்தது.

"பஸ்ஸு வழியில நின்னுடுச்சு" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு அந்த அம்மா மூச்சு வாங்கினாள். ரெஜினா நகர்ந்து பையனுக்கு இடம்விட்டாள். அவன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒனக்கும் அரையா தம்பி?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்டாள் ரெஜினா.

"அரைதான்க்கா. வழியில வெயில் தாங்கல. ரெண்டு மடக்கு கூடப் போயிடுச்சு."

"சத்தமாச் சொல்லாத. இங்கயும் அதே கததான்."

பையன் கண்ணைத் திறந்து சிரித்தான். அந்த அம்மா குனிந்து மகனுடைய நெற்றியில் புறங்கையை வைத்தாள். "காய்ச்சல் கீய்ச்சல் வந்தா திருப்பி அனுப்பிடுவோம்னு சொல்லிட்டாங்க. ராத்திரியிலருந்து தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வரேன்."

கை நெற்றியிலேயே இருந்தது. பிறகு கழுத்துக்கு இறங்கியது. ஃபெலிக்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெஜினா அந்தக் கையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் அந்த அம்மா, கையை எடுத்துக்கொண்டு. "சில்லுன்னுதான் இருக்கான்."

ஃபெலிக்ஸ் எழுந்து நின்றான். "நீங்க உக்காருங்கம்மா" என்றான்.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவனை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "நீங்களும் பதினாறாந்தேதியாங்க?"

"இல்லீங்க" என்றான் ஃபெலிக்ஸ். "நாங்க சும்மா வந்தோம்."